வடிகஞ்சியில் ஆடிய ஊசி

இன்று மதியம் கோச்சடை பஸ்ஸில் எங்கள் தெரு சுந்தரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஐந்தாம் பாரம் படிக்கிறவன். மடியில் பள்ளிக்கூடத்து ஊசிப் பெட்டி; மின்சாரம் ஓடினால் ஊசி ஆடிக் காட்டும் கருவி.

தொட்டாச்சிணுங்கியைத் தொட்டால் அதற்குள் மின்சாரம் ஓடும், பெட்டியின் ஊசி அசையும் என்று ஒரு மாதமாக அந்தச் செடியோடு மல்லுக்கட்டுகிறான். என்னால் சும்மா இருக்க முடியுமா?

“என்ன மாப்ள, செடியில பல்பு எரிஞ்சிருச்சா?”

அவன் சிரிக்கவில்லை. “செடி செத்துப்போச்சுண்ணே.”

அவன் குடும்பம் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா, அந்த வீட்டுக்காரம்மாவின் வேலை. கரண்டே இல்லாத வீட்டில் இவன் செடியிலிருந்து கரண்டு எடுக்கிறான், பிள்ளைகளுக்கு ஷாக் அடித்துவிடும் என்று பயந்துபோய், கம்பி கட்டியிருந்த செடியில் வடிகஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிவிட்டார்.

“அப்ப ஊசி அசைஞ்சுச்சாடா?”

“அம்புட்டுப் பெருசா ஒருநாளும் அசைஞ்சதில்லண்ணே. நான் மட்டுந்தான் பாத்தேன்.”

சாயங்காலம் வாத்தியார் வந்து பார்ப்பதாக இருந்ததாம். ஊசி அசைவதை அவர் கண்ணால் பார்த்தால்தான் பெட்டி இவனிடம் இருக்கும். இல்லையென்றால் இன்றே திருப்பிக் கொடுக்க வேண்டும்; அதற்குத்தான் கிளம்பியிருக்கிறான்.

“வேற செடி பிடுங்கி வைக்கலாம்ல?”

“வேர் பிடிக்க நாளாகும்ணே. அதுவரைக்கும் பெட்டி யாரு தருவா?”

பெட்டி சரியாமல் இருக்க நான் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டேன்.

வீட்டுக்காரம்மா பயந்ததும் சரிதான் போல. கரண்டே இல்லாத வீட்டில் ஷாக் அடித்து ஓர் உயிர் போய்விட்டதே. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?