எல்லாருக்கும் ஓம் சொன்ன ஹெக்டர்

பாரைமுனையில் ஹெக்டரை யாரும் ஹெக்டர் என்று கூப்பிடுவதில்லை. செனட்டர் என்பார்கள். அதில் பாதி மரியாதை, பாதி நக்கல். எது எந்தப் பாதி என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவருடைய மனைவி எல்சிக்கு நன்றாக விளங்கும். அதனால்தான் அந்தப் பெயரைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலாவெளிக்கு வடக்கே, குச்சவெளி பஸ் ஓடுகிற வீதிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற சின்னக் கரை பாரைமுனை. ஹெக்டர் அங்கே பிறந்தார், ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டார், கரைவலை இழுத்தார். கலியாணத்துக்குப் பிறகு சீனன்குடாப் பக்கம் ஒரு கொந்தராத்துக்காரரிடம் வெல்டிங் பழகி, அந்தப் பிடியில் நைஜீரியாவுக்குப் போனார். லாகோசில் கப்பல் திருத்துகிற இடத்தில் வேலை. அந்த இடத்து முதலாளி தேர்தலில் நின்று செனட்டர் ஆகிவிட்டார். அவருடைய வீட்டுக் கேற்று, தண்ணீர்த் தாங்கி, பேச்சு மேடை எல்லாவற்றுக்கும் வெல்டிங் அடித்தபடி ஹெக்டர் பக்கத்தில் நின்று அரசியல் பார்த்தார். வெளிநாடு போனவர்கள் திரும்பும்போது ரிவி கொண்டுவருவார்கள். இவர் ஒரு செனட்டரின் வாழ்க்கை வரலாற்றைக் கொண்டுவந்தார்.

அதைக் கேட்காத ஆள் ஊரில் இல்லை. செனட்டர் ஐயா சந்தையில் பனையெண்ணெய் விற்றவரின் மகன். முதல் தேர்தலில் மண் கவ்வினார். இரண்டாவதில் வென்றார். வென்ற கையோடு கட்சி மாறினார், மாறின கட்சி கவிழ்ந்ததும் பழைய கட்சிக்கே போய் மாலை போட்டுக்கொண்டார். வெள்ளை உடுப்பில்லாமல் வாசலுக்கு வரமாட்டார்.

"எல்லாத்தையும் விட முக்கியம்," என்று ஹெக்டர் கதிரையில் நிமிர்ந்து உட்காருவார், "அந்த மனுசன்ர வாயிலை இல்லை எண்ட சொல் வரவே வராது. ஆர் என்ன கேட்டாலும் ஓம். அதுதான் அரசியல்."

"சொன்னதைச் செய்தவரோ?" என்று எல்சி குசினிக்குள் இருந்து கேட்பாள்.

"அது வேறை கதை."

அந்த வேறை கதையை மட்டும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

எல்சிக்கு அரசியலில் ஒரேயொரு அலுவல்தான் இருந்தது. வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற வண்டிப்பாதை. வலை ஏற்றின வண்டி, ஐஸ் வண்டி, மீன் எடுக்க வருகிற லொறி எல்லாம் அதாலேதான் போய்வந்தன. பாதைக்கு இரண்டு பக்கமும் காணி வாங்கி ஒரு ஹோட்டல் எழும்பியது. பிறகு பாதையும் தங்களுடையது என்று சொல்லி இரும்புக் கேற்றுப் போட்டார்கள். கரையில் கருவாடு காயவிட்டு விற்கிற எல்சி, அன்றிலிருந்து கடகப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்தைச் சுற்றி மணலுக்குள்ளால் நடக்கிறாள். முழங்கால் இரண்டும் அவளுடைய பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டன. இன்னொரு மழைக்காலம் இப்படி நடந்தால் தொழிலை விடவேண்டியதுதான்.

அந்தக் கேற்றை வெல்டிங் அடித்துக் கொடுத்தது யார்? ஹெக்டர்தான். ஹோட்டல்காரர் வந்து கேட்டார்கள், ஓம் என்றுவிட்டார்.

"என்னப்பா, உங்கட பெண்சாதி போற பாதைக்கு நீங்களே கேற்று அடிச்சனீங்களோ?"

"அடிக்கேக்கை எங்க பூட்டுவாங்கள் எண்டு சொல்லேல்லை எல்சி. நல்ல கேற்று. பத்துப் புயலுக்கும் அசையாது."

பிரதேச சபைத் தேர்தலில் ஹெக்டர் முதல்முறை ஒரு கட்சியில் நின்று கட்டுக்காசை இழந்தார். செனட்டர் ஐயாவும் முதல்முறை தோற்றவர்தானே என்று அதையும் ஒரு தகுதியாகச் சொல்லித் திரிந்தார். இரண்டாம் முறை சுயேச்சை. அந்தமுறை எல்சியே வீடு வீடாக இறங்கினாள். "அடைச்ச ஆளே திறக்கட்டும். புள்ளடியைப் போடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்," என்றாள். சனம் சிரித்துச் சிரித்தே போட்டது. ஹெக்டர் வென்றார்.

சபையில் ஒரு பக்கத்துக்கும் பெரும்பான்மை இல்லை. சபைத் தலைவரான தவிசாளர் கதிரைக்குக் கனகசுந்தரமும் பிரகலாதனும் போட்டி. ஹெக்டருடைய கை எந்தப் பக்கம் உயருகிறதோ அந்தப் பக்கம் கதிரை. கனகசுந்தரம் வீட்டுக்கு வந்து, ஊராருக்கு முன்னால், "வந்த கையோட முதல் வேலை உங்கட பாதை," என்று வாக்குக் கொடுத்தார். பிறகு வந்த பிரகலாதன் பாதையைப் பற்றி மூச்சே விடவில்லை. ஹோட்டல்காரர் அவருடைய மனைவியின் மச்சான். ஹெக்டர் இருவருக்கும் ஓம் சொல்லி, இருவருக்கும் இறால் பொரித்துக் கொடுக்கச் சொன்னார். பொரித்தது எல்சி.

அவர்கள் போனபிறகு அவள் அகப்பையோடு வந்து நின்றாள். "கனகசுந்தரத்தாருக்குத்தான் கை தூக்குவன் எண்டு அந்தோனியாரைப் பாத்துச் சொல்லுங்கோ."

"ஓம்."

"இந்த ஓம் எந்த ஓம்?"

"உண்மையான ஓம் அப்பா."

வாக்கெடுப்பு நாள் காலையில் அவள் தைப்பித்து வைத்திருந்த வெள்ளைச் சேட்டையும் வெள்ளைக் காற்சட்டையையும் போட்டுக்கொண்டு ஹெக்டர் வெளிக்கிட்டார். கொஞ்ச நேரத்தில் கோயில் மணி துக்கத்துக்கு அடித்தது. கரைவலைக்கு ஆள் சேர்த்து இழுப்பிக்கிற மண்டாடி அஞ்சலோ மோசம் போய்விட்டார். உயிரோடு இருக்கும்போது ஹெக்டரை அவரைப்போலத் திட்டினவர் யாருமில்லை. கேற்று அடித்த கையை வெட்டவேண்டும் என்று சந்தியில் நின்று கத்தினவர்.

எல்சி பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு செத்தவீட்டுக்குப் போனாள். கடற்கரைப் பக்கத்து வீடு, அதனால் சுற்றித்தான் போகவேண்டும். போய்ச் சேர்ந்தபோது பந்தலுக்கு வெளியே ஒரு ஆள் வெள்ளைக் கொடிகளை நைலோன் கயிற்றில் கட்டிக்கொண்டு நின்றார். வெள்ளைச் சேட்டு, வெள்ளைக் காற்சட்டை. எல்சி கேத்திலைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் இஞ்ச என்ன செய்யிறியள்?"

"சத்தம் போடாதை. செத்தவீடு."

"வாக்கெடுப்பு?"

"கரையிலை சாவு விழுந்தா அண்டைக்கு ஒருத்தரும் தொழிலுக்குப் போறதில்லை. உனக்குத் தெரியாதே? எங்கட பாடு நாளைக்குத்தான்."

கரைவலையில் அப்படித்தான். வலை போடுகிற முறையைப் பாடு என்பார்கள். தன் பாட்டுநாளில் சாவு விழுந்தால் ஆள் சொல்லி அனுப்பினால் போதும், அந்தப் பாடு அடுத்த நாளுக்கு அப்படியே இருக்கும். ஒருத்தரும் பறிக்கமாட்டார்கள். பாரைமுனையில் குழந்தைக்கும் தெரிந்த சட்டம். சபைக் கட்டடத்தில் அது ஒருவருக்கும் தெரியாது.

"அது சபையப்பா! கடலில்லை!"

"ஜக்சனிட்டைச் சொல்லி அனுப்பியிருக்கிறன். கனகசுந்தரத்தார் மரியாதையான மனுசன், விளங்கிக்கொள்ளுவார்."

"போனைத் தாங்கோ."

"நிப்பாட்டி வச்சிருக்கிறன். செத்தவீட்டிலை மணி அடிச்சா மரியாதையில்லை."

எல்சி போனைப் பிடுங்கி உயிர்கொடுத்தாள். கனகசுந்தரத்தின் அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. அவள் திருப்பி எடுக்குமுன்பே ஜக்சன் ஓட்டோவில் வந்து இறங்கினான். ஹெக்டரின் தம்பி அவன், கெட்ட செய்தி கொண்டுவரவென்றே பிறந்தவன்.

"முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் வாக்குச் சமன், திருவுளச்சீட்டிலை பிரகலாதன். பாடு நாளைக்கு எண்டு நான் சொன்னனான் அண்ணை. எல்லாரும் கையைத் தட்டிச் சிரிச்சாங்கள்."

ஹெக்டர் கொடிகளைப் பிடித்தபடி நின்றார். எல்சி அவரைத் திட்டவில்லை. அவ்வளவு பெரிய திட்டு அவளிடம் கைவசம் இருக்கவில்லை. தேத்தண்ணியை ஊற்றி அவரிடம் நீட்டினாள். "குடியுங்கோ. குடிச்சிட்டுக் கொடியைக் கட்டுங்கோ. அதாவது உருப்படியா நடக்கட்டும்."

கொடி கட்டும்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. அடக்கம் செய்கிற சேமக்காலை வீதிக்கு அந்தப் பக்கம். சவப்பெட்டியை மணலுக்குள்ளால் சுற்றித் தூக்க ஏலாது. பங்குச் சுவாமியார் போய்க் கேட்டார். ஹோட்டல் மனேஜர் நல்ல பிள்ளை, பிரேதத்தை யார் மறிப்பார், கேற்றை அகலத் திறந்துவிட்டு வேலையாட்களோடு தொப்பியைக் கழற்றி நின்றார். ஹெக்டர் பாதை நெடுகக் கொடி கட்டிக்கொண்டு வந்தார். கேற்றடியில் நாட்டக் கம்பு முடிந்துபோனது.

"இந்தக் கேற்றிலை கட்டுங்கோ," என்றாள் எல்சி. "இந்தக் கதவையும் பக்கத்துப் பூவரசையும் சேத்துக் கட்டுங்கோ. அந்தக் கதவையும் அப்பிடி."

"ஏன்?"

"ஒருக்காலாவது ஏனெண்டு கேளாமல் ஓம் சொல்லுங்கோவன்! ஊருக்கெல்லாம் அப்பிடித்தானே சொல்லுறியள்?"

அவர் கட்டினார். கரைவலை முடிச்சு, கத்தி வைத்தால்தான் போகும். அஞ்சலோ தான் உயிரோடு இருக்கும்போது தூற்றின கேற்றுக்குள்ளால் அமைதியாகப் போனார்.

பாரைமுனையில் சாவுக்கொடியை முப்பத்தோராம் நாள் பூசை முடியும்வரை யாரும் அவிழ்ப்பதில்லை. கொடிக்கயிறு கிடக்கும்வரை கேற்றை மூட ஏலாது. மனேஜர் அதைக் கேட்டுத் தலையைச் சொறிந்தார், ஆனால் கை வைக்கவில்லை. அடுத்த நாளே வலைவண்டி இறங்கியது. ஐஸ் வந்தது, லொறி வந்தது. ஹோட்டல் குசினிக்காரரும் கேற்றடியிலேயே மீன் வாங்கப் பழகினார்கள். எல்சி கடகத்தோடு நேராக நடந்து போய்வந்தாள்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லாரும் கேற்றடிக்கு வந்தார்கள். மனேஜரும் வந்தார்.

"ஐயா, பூசை முடிய அவிழ்க்கிறன் எண்டு போன கிழமை சொன்னீங்கள்."

எல்சி கண்ணை மூடினாள். சொல்லியிருப்பார். சொல்லாமல் இருப்பாரா?

"ஓம், சொன்னனான்தான்," என்றார் ஹெக்டர். கையில் கத்தி இருந்தது. அந்தப் பக்கம் மனேஜர், இந்தப் பக்கம் வலைக்காரர்.

"செனட்டர், அவிழ்க்கமாட்டன் எண்டு எங்களுக்கும் சொன்னீங்கள்," என்றான் ஒருவன்.

"அதுக்கும் ஓம் எண்டுதான் சொன்னவர்," என்றான் ஜக்சன்.

எல்சி கடகத்தை இறக்கி வைத்தாள். "அவிழுங்கோ. தாராளமா அவிழுங்கோ. ஆனால் ஆருக்காக எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லிப்போட்டு அவிழுங்கோ. நான் நிண்டு கேக்கிறன்."

ஹெக்டர் கேற்றைப் பார்த்தார். தான் அடித்த கேற்று. கயிற்றைப் பார்த்தார். எல்சியின் முழங்காலைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகினார்.

"ஏலாது தம்பி," என்றார்.

"என்னய்யா?"

"ஏலாது. இது ஊர்ப்பாதை. அவிழ்க்கமாட்டன். பிரகலாதனிட்டைச் சொல்லுங்கோ, வழக்குப் போடுங்கோ. நான் இல்லை எண்டுதான் சொல்லுவன்."

மனேஜர் வலைக்காரரின் தொகையைப் பார்த்தார், பிறகு உள்ளே போனார். வழக்கு வந்தாலும் வரும். கேற்று இன்றுவரை பூவரசோடுதான் நிற்கிறது.

சனம் கைதட்டியது. யாரோ பூசைக்கு வாங்கின மாலையொன்றையே எடுத்து ஹெக்டரின் கழுத்தில் போட்டார்கள். அவர் வெள்ளைச் சேட்டை இழுத்துவிட்டு, கல்லொன்றின்மேல் ஏறினார்.

"எங்கட செனட்டர் ஐயா லாகோசிலை ஒருநாள் சொன்னவர்..."

"கடவுளே," என்றாள் எல்சி. கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, அவருக்குப் பின்னால், திறந்த கேற்றுக்குள்ளால் கடலுக்கு நடந்தாள்.