ஞானசெல்வி எழுதிய மூன்று தேர்வுகள்

ஞானசெல்விக்கு முப்பத்தெட்டு வயது. தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக நர்ஸ். வீடு போடியில், புருஷன் ஸ்டீவனுக்கு அங்கே பஜாரில் பாத்திரக் கடை. காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து டூட்டிக்குப் போனால், திரும்பும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். கூடப் படித்த ஏஞ்சல் அயர்லாந்துக்குப் போய் ஆறு வருடமாகிறது. "இங்கன ஒரு நர்ஸுக்கு ஆறேழு பேஷண்ட்தான் செல்வி. அங்கன மாதிரி நாப்பது இல்ல" என்று அவள் போனில் சொன்ன அன்றைக்குத்தான் ஞானசெல்விக்கு அந்த ஆசை பிடித்தது. போக வேண்டுமென்றால் நர்ஸுகளுக்கான ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும்.

அவள் ஜெயமங்கலத்தில் தமிழ் வழியில் படித்தவள். ஆனாலும் ஆஸ்பத்திரி ஆங்கிலம் அவளை மிரட்டியதில்லை. வாய்க்குள் நுழையாத நோய்ப் பெயர்களைக்கூட எழுத்துப் பிசகாமல் எழுதுவாள். கவிழ்த்துவிட்டது எல்லாம் அப், ஆஃப், இன், அவுட் என்கிற பொடிச் சொற்கள்தான். 'புட்' என்றால் வை. அதன் பின்னால் 'ஆஃப்' வந்தால் தள்ளிப்போடு. 'அவுட்' வந்தால் அணை. 'அப் வித்' வந்தால் சகித்துக்கொள். பஸ்ஸில் நோட்டைப் பிரித்து உருப்போடுவாள். கோடாங்கிபட்டி வருவதற்குள் கண் சொக்கிவிடும்.

முதல் தடவை, ஒலிப்பதிவில் பேசியவர்களின் வேகத்திலேயே தோற்றாள். இரண்டாம் தடவை கொச்சிக்குப் போய் எழுதினாள். 'பேஷண்ட் பிராட் அப் ஹிஸ் பிரேக்ஃபாஸ்ட்' என்று ஒரு குரல் சொன்னது. பிராட் அப் என்றால் வளர்த்தார், இல்லையென்றால் பேச்சை எடுத்தார் என்று அவள் படித்திருந்தாள். காலைச் சாப்பாட்டை யாரும் வளர்க்க முடியாதே. எனவே, நோயாளி சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்தார் என்று எழுதிவிட்டு வந்தாள். வெளியே நின்ற ஒரு கோட்டயத்துப் பெண்ணிடம் கேட்டபோது அவள் வாயில் கை வைத்தாள்.

"அய்யோ சேச்சி, அது சர்தி! வாந்தி!"

ஊர் வந்து சேர்ந்ததும் ஸ்டீவனிடம் சொன்னாள். "பதினஞ்சு வருசமா வாந்தி அள்ளுறேன். அதுக்கு இப்படி ஒரு பேரு இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சேங்க."

ஸ்டீவன் சிரிக்கவில்லை. "மொதல்ல சாப்பிடு" என்றான்.

மூன்றாம் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, மேகமலை பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவரை வயிற்று வலியோடு கொண்டுவந்து சேர்த்தார்கள். குடலில் ஓட்டை விழுந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனார். அந்த அம்மாள் பெரிய பையொன்றை நெஞ்சோடு அணைத்தபடி வராந்தாவில் நின்றாள். "ஐ காண்ட் டேக் இட் இன்" என்றாள்.

பையை உள்ளே கொண்டுபோக முடியவில்லை என்கிறாளாக்கும் என்று ஞானசெல்வி நினைத்தாள். "நோ பிராப்ளம் மேடம், ஐ வில் டேக்" என்று பைக்குக் கை நீட்டினாள். அந்த அம்மாள் ஒரு கணம் விழித்துப் பார்த்தாள். பிறகு பையைக் கொடுத்துவிட்டு, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

டூட்டி முடிந்து பஸ்ஸில் வரும்போது ஞானசெல்வி அந்த வார்த்தைகளைப் போனில் தேடினாள். நடந்ததை மனசு ஏற்க மறுக்கிறது என்பதற்கு அப்படிச் சொல்வார்களாம். படித்ததும் முகம் சுட்டது. போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று வார்டுக்குப் போனாள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. அந்த அம்மாள் நாற்காலியிலேயே வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்ப மனம் வரவில்லை. நழுவிக்கிடந்த போர்வையை அவள் மேல் இழுத்துவிட்டு வந்துவிட்டாள். அடுத்த நாள் அவள் டூட்டிக்கு வருமுன்பே அவர்களை மேற்கொண்டு பார்க்க மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள்.

மூன்றாம் தேர்வின் முடிவு நவம்பரில் ஒரு மத்தியானம் வந்தது. ஸ்டீவனுக்குப் போன் போட்டாள்.

"கேக்குறது, பேசுறது, வாசிக்கிறது மூணுலயும் தேறிட்டேங்க. எழுதுனதுலதான் கொறைஞ்சிருச்சு."

"அப்ப எழுத்த மட்டும் திரும்ப எழுதுனாப் போதும்ல?"

"போதும். ஆனா இப்ப இல்ல. கிறிஸ்துமஸ் கழியட்டும். தலைக்குள்ள இடமே இல்ல."

"சரி, ஒன் இஷ்டம்" என்றான் அவன். கடைக்கு ஆட்கள் வந்திருந்தார்கள் போல. பாத்திரங்கள் உரசும் சத்தம் கேட்டது.

"அக்கா, டாக்டர் ரவுண்ட்ஸ் வந்துட்டாக" என்று இளைய நர்ஸ் திரிஷா கூப்பிட்டாள். ஞானசெல்வி போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கிறிஸ்துமஸ் கழிந்து பிப்ரவரியும் பாதி போய்விட்டது. அவள் இன்னும் தேர்வுக்குப் பெயர் கொடுக்கவில்லை. ஸ்டீவனும் கேட்கவில்லை.