கூட்டத்துக்கு டிக்கெட் எடுப்பவர்

தீம் பார்க் வாசல் திறப்பதற்குள் அண்ணி முன்னால் நிற்கிற குடும்பத்தின் கதை முழுவதையும் தெரிந்துகொண்டுவிட்டார். எந்த ஊரிலிருந்து வருகிறார்கள், கைக்குழந்தைக்குப் பல் முளைத்துவிட்டதா, பெரியவன் போட்டிருக்கும் தொப்பி எந்தக் கடையில் வாங்கியது, எல்லாம் ஆயிற்று. இப்போது பின்னால் திரும்பி, வளைந்து வளைந்து போகிற வரிசையின் வாலைத் தேடுகிறார். "பாத்தீங்களா தம்பி, கார் நிறுத்தற இடத்தையும் தாண்டிப் போயிடுச்சு" என்கிறார். குரலில் அப்படி ஒரு பெருமை. அந்த வரிசையை அவரே பெற்று வளர்த்து ஆளாக்கியது போல.

தீம் பார்க்குக்குப் போகிற விவரமானவர்கள் கூட்டமில்லாத நாளாகப் பார்த்துப் போவார்கள். அண்ணி நேர்மாறு. பள்ளி விடுமுறையும் வாரக் கடைசியும் சேர்ந்து வரவேண்டும். "நெரிசல் அதிகம், முடிந்தவர்கள் தவிர்க்கவும்" என்று செய்தியில் சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் அவருக்குக் கால் தரையில் நிற்காது. ஒரு வருடம் நான் ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தேன். போய்விட்டு வந்து என்னிடம் மரியாதையாகத்தான் சொன்னார். "நல்லாதான் இருந்துச்சு தம்பி. ஆனா ஒருத்தருமே இல்ல. கடை சாத்தினப்புறம் உள்ள மாட்டிக்கிட்ட மாதிரி இருந்துச்சு." அதிலிருந்து டிக்கெட் எடுக்கும் வேலையை என்னிடம் தருவதில்லை.

இதைப் புரிந்துகொள்ள அவருடைய உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். அண்ணி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். பத்து மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, தரையும் கண்ணாடி. ஷிப்ட் முழுக்க முன்னால் குனிந்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவே கீழே பார்த்தபடி, கப்பலிலிருந்து கன்டெய்னர்களைத் தூக்கி லாரிகளின் மேல் வைக்க வேண்டும். கீழே வேலை செய்கிறவர்கள் மஞ்சள் தொப்பிகளாகவும் ஆரஞ்சுத் தொப்பிகளாகவும்தான் தெரிவார்கள். "கூட வேலை செய்யறவங்க உச்சந்தலை எல்லாம் எனக்கு அத்துப்படி. மூஞ்சியைப் பாத்தாதான் யாருன்னு தெரியாது" என்பார். ஒருமுறை காய்கறிக் கடையில் ஒருவர் இவரைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்லியிருக்கிறார். அண்ணிக்கு ஆள் பிடிபடவில்லை. அவர் பாவம், குனிந்து தலையைக் காட்டினாராம்.

வருடம் முழுக்கக் குனிந்தே இருக்கும் கழுத்து, வரிசையில் நிற்கும்போது பழி தீர்த்துக்கொள்ளும். அண்ணி தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்தபடி நிற்பார். மேலே ஏதோ நடக்கிறது என்று பக்கத்தில் நிற்பவர்களும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர்கள். போன வருடம் ஒரு பெரிய கும்பலே வெறும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவர் போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தார்.

ரைடுகளில் அவருக்கு ஒரு சுவாரசியமும் கிடையாது. ரோலர் கோஸ்டர் உச்சிக்கு ஏறி ஒரு கணம் நிற்குமே, எல்லாருக்கும் உயிர் தொண்டைக்கு வரும் அந்த இடம், அங்கே அவர் கொட்டாவி விடுவார். "ஆபீஸ் வந்த மாதிரி இருக்கு தம்பி." தலைகீழாகத் தொங்கும்போது தானாக எடுத்து, வெளியே வரும் வழியில் விற்பார்களே, அந்தப் போட்டோக்களில் நாங்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டிருப்போம். அண்ணி மட்டும் பக்கவாட்டில் தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் வருவது வரிசைக்காக. நேர் வரிசை அவருக்கு ஆகாது. கம்பி கட்டி, பாம்பாக மடித்து மடித்து விட்டிருக்க வேண்டும். "அதுலதான் போன மூஞ்சி திரும்பத் திரும்ப எதிர்ல வரும். முதல் தடவை பாக்கறோம், ரெண்டாவது தடவை சிரிக்கறோம், அடுத்த தடவை வரும்போது சொந்தக்காரங்க மாதிரி ஆயிடறாங்க." சொல்லும்போதே உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொள்வார். பையில் ஊக்கு, பிளாஸ்திரி, மிட்டாய், தலைவலித் தைலம் எல்லாம் இருக்கும். செருப்பு வார் அறுந்தவர்கள், வெயிலில் அழுகிற குழந்தைகள், சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்க்கும் புதுத் தம்பதிகள் எல்லாரும் எப்படியோ அண்ணியிடம் வந்து சேர்ந்துவிடுவார்கள். எனக்குக் கூட்டம் என்றாலே எரிச்சல். ஆனால் அண்ணி பக்கத்தில் நின்றால் அந்த உற்சாகம் நமக்கும் தொற்றிக்கொள்ளும். என்னை அறியாமல் நானும் எவர் வீட்டுக் குழந்தைக்கோ ஐஸ்கிரீம் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு காரணம் உண்டு, அது அவருடைய மகள். பதினாறு வயது. வீட்டில் அவளை 'வாலு' என்று கூப்பிடுவோம், ஆனால் இப்போதெல்லாம் வால் சுருட்டிக்கொண்டு அறைக்குள் கிடக்கிறது. அண்ணிக்கு ஷிப்ட் மாறி மாறி வரும். ஒருத்தி எழுந்திருக்கும்போது இன்னொருத்தி தூங்குவாள். சந்திக்கும் நேரத்தில் மகளுக்குப் போன் இருக்கும், பதிலுக்கு 'ம்' இருக்கும். ஆனால் பெரிய ரைடுகளுக்குப் போனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் வரிசையில் நுழைய வேண்டும் என்பது அந்த பார்க்கின் சட்டம். போன் இல்லை, கதவு இல்லை, ஓடுவதற்கு இடம் இல்லை. அம்மாவும் பெண்ணும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு அரை நாள் நிற்பார்கள். அங்கேதான் அவள் வாயைத் திறப்பாள். "என் பொண்ணோட வருஷம் மொத்தமும் எனக்கு வரிசையிலதான் தெரியும் தம்பி."

இந்த வருடம் அதை அவர் இன்னும் ஆவலாக எதிர்பார்த்திருந்தார். கிளம்புவதற்குச் சில நாள் முன்பு என்னிடம் சொன்னார். "ரெண்டு மூணு மாசமா டிபன் பாக்ஸ் அப்படியே திரும்பி வருது. முகமும் சரியில்ல. கேட்டா ஒண்ணும் இல்லைங்கறா. சரி, வரிசையில கேட்டுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

இப்போது என் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பல்செட் செய்கிறவர். டாக்டர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள், இவர் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பல்லாகச் செதுக்குவார். தங்கமான மனுஷன். ஒன்றை ஆசையாகச் செய்வார், அது மிகச் சரியாகத் தப்பாகப் போய் முடியும். அன்று வாசல் திறந்து உள்ளே போனதும், பையிலிருந்து நாலு மஞ்சள் பட்டைகளை எடுத்தார். கையில் கட்டிக்கொண்டால் வரிசையில் நிற்காமல் தனி வழியில் நேராக உள்ளே போகலாம். எக்ஸ்பிரஸ் பாஸ்.

"வருஷா வருஷம் கால் கடுக்க நிக்கற. இந்த வருஷம் ஒரு இடத்துல கூட நீ நிக்க வேண்டாம்" என்றார், முகமெல்லாம் மலர.

"எதுக்குங்க இதெல்லாம்" என்றார் அண்ணி. அவர் முகம் வாடியதை நான் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை, பட்டையை அவர் மணிக்கட்டில் மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்.

எனக்கோ கொண்டாட்டம். மறைப்பானேன். முதல் ரைடில் நுழைந்தோம், உட்கார்ந்தோம், தலைகீழானோம், வெளியே வந்தோம். அடுத்ததும் அப்படியே. லாக்கரில் வைத்த போன் சூடு ஆறுவதற்குள் வாலுவின் கைக்குத் திரும்பி வந்துவிட்டது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவ்வளவு ஜனம், வியர்த்துக்கொண்டு, பாடிக்கொண்டு, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு. இந்தப் பக்கம் வழித்துவிட்ட மாதிரி நாங்கள் நாலு பேர். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் அண்ணியிடம், "தண்ணி எங்கம்மா கிடைக்கும்?" என்று கேட்டார். அண்ணி பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் எங்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவர் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். மத்தியானத்துக்குள் பார்க்கே தீர்ந்துவிடும் போலிருந்தது. மகள் போனைப் பார்த்தபடி எங்களுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

"நான் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்" என்று அண்ணி போனார். திரும்பி வந்தபோது பட்டை மணிக்கட்டில் இல்லை, உள்ளங்கையில் இருந்தது.

"அறுந்துடுச்சுங்க."

அண்ணன் வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, வெயிலில் திருப்பிப் பிடித்துப் பார்த்தார்.

"இது அறுந்ததில்லையே" என்றார். "கடிச்சது. மேல் வரிசை முன்பல் ரெண்டு, நடுவுல சின்ன இடைவெளி. உன் பல்லுதான் இது."

ஊரில் ஆயிரம் கணவன்மார்கள் இருக்க, பல் தடத்தைப் பார்த்து ஆளைச் சொல்கிறவரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. "கத்தரிக்கோலை வாசல்லயே வாங்கி வெச்சுட்டாங்க" என்றார் அண்ணி, அதுதான் தன் பக்க நியாயம் என்பது போல.

"உனக்குப் பிடிக்கலையா?"

"பிடிக்காம என்னங்க, நீங்க ஆசையா வாங்கினது. ஆனா நான் வரதே இவகூட நிக்கறதுக்குத்தான். வீட்டுல எனக்கு இவ கிடைக்கறதில்ல. இங்கயும் இப்படி ஓடிக்கிட்டே இருந்தா நான் எங்க போய் நிக்கறது?"

மேலே ரோலர் கோஸ்டர் ஓவென்ற கூச்சலோடு ஓடி மறைந்தது. வாலு போனிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, மணிக்கட்டை வாய்க்குக் கொண்டுபோய் மஞ்சள் பட்டையைக் கடிக்க ஆரம்பித்தாள். அது லேசில் அறுகிற சரக்கு இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இல்லை, பட்டையைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

அண்ணன் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டார். அப்புறம், "பின்பல்லால கடிம்மா. முன்பல்லு போயிடும்" என்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அண்ணன் எல்லாருடைய பையையும் வாங்கிக்கொண்டு ஒரு மர பெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "நீயும் போடா, தண்ணி பாட்டில் தூக்க ஆள் வேணும்" என்று என்னைத் தள்ளிவிட்டார். அங்கிருப்பதிலேயே பெரிய ரைடு, பெரிய வரிசை. முகப்பில் காத்திருக்க வேண்டிய நேரத்தைப் போட்டிருந்தார்கள். அதற்குள் ஒரு முழு சினிமா பார்த்துவிட்டு, நிதானமாக டீயும் குடித்துவிட்டு வரலாம். அதைப் படித்ததும் அண்ணி கையைத் தேய்த்துக்கொண்டார். போன்கள் லாக்கருக்குள் போயின.

முதல் வளைவில் அண்ணி ஒரு குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார். அடுத்த வளைவில் ஒருவருக்கு ஊக்கு கொடுத்தார். வாலு கம்பியில் விரலைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். நான் பின்னால் நின்றேன், கேட்காதது போல் கேட்டுக்கொண்டு.

"நான் தனியாதான் சாப்பிடறேன்மா" என்றாள் திடீரென்று. "அவங்கல்லாம் வேற செட்டு ஆயிட்டாங்க. நான் போனா பேச்சை நிறுத்திடறாங்க. அதான் உள்ள இறங்கறதில்ல, டிபன் பாக்ஸ் அப்படியே வருது."

அண்ணி உடனே ஆறுதல் சொல்லவில்லை. "எங்க உக்காந்து சாப்பிடற?" என்று கேட்டார்.

"மாடிப்படிக்கு அடியில."

"காத்து வருமா?"

"வராது."

"கிரேன்ல எனக்குக் காத்து இருக்கு. ஆனா டிபன் பாக்ஸைத் திறந்தா காலுக்குக் கீழ யார் யாரோ தலையாத் தெரியும். அவங்க நடுவுல சாப்பிடற மாதிரியே இருக்கும், பேச மட்டும் முடியாது. முதல் வருஷம் பூரா எனக்கும் உள்ள இறங்கல."

"நீ சொன்னதே இல்ல."

"நீ கேட்டதே இல்லையே."

வாலு சிரித்துவிட்டாள். அதோடு மடை திறந்தது. யார் முதலில் பேச்சை நிறுத்தினது, யார் இரண்டு பக்கமும் கோள் சொன்னது, விளையாட்டு டீச்சர் எப்படி மூக்கை உறிஞ்சிக்கொண்டே விசில் ஊதுவார், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் இப்போதெல்லாம் படிக்கட்டுப் பக்கம் எட்டி எட்டிப் பார்க்கிறாளாம், அவளைக் கூப்பிடலாமா வேண்டாமா. டீச்சரைப் போலவே செய்து காட்டினாள். எதிர் வளைவில் வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணி அண்ணாந்து பார்ப்பதையே மறந்துபோனார். அந்தச் சத்தத்திலும் வெயிலிலும் எனக்குக் கால் வலிக்கவே இல்லை.

வரிசை தீர்ந்துவிட்டது. வண்டி வந்து நின்றது, கம்பிகள் மேலே எழும்பின. மேடையில் நின்ற பையன் விரலை நீட்டி, "எத்தனை பேரு?" என்றான். வாலு அந்தப் புதுப் பெண்ணைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு பாதியில் இருந்தாள். அண்ணி மகள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முதுகைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டு நின்று, பின்னால் இருந்தவர்களை முன்னால் போகச் சொல்லிக் கையை அசைத்தார்.