விளாவிப்போட்டேனுங்க

எனக்கு ஒரு கோளாறு உண்டு. கை முந்திக்கொள்ளும், மூளை அடுத்த உக்கடம் பஸ்ஸில் வரும். பி.எஸ்ஸி. இயற்பியல் கடைசி செய்முறைத் தேர்விலும் அதுதான் நடந்தது. அதில் கோட்டை விட்டிருந்தால் கிடைத்திருந்த பி.எட். சீட்டும் போயிருக்கும். டீச்சராவதைத் தவிர வேறு ஆசையே எனக்கு இருந்ததில்லை.

எனக்கு விழுந்தது கலவை முறை. செம்புக் குவளையில் பச்சைத் தண்ணீர், பீக்கரில் சுடுதண்ணீர். குவளையைக் காலியாகவும் தண்ணீரோடும் எடைபோட்டு, இரண்டின் சூட்டையும் குறித்துக்கொண்டு, சுடுதண்ணீரைக் குவளையில் ஊற்றிக் கலக்க வேண்டும். அது இழக்கிற வெப்பத்தைப் பச்சைத் தண்ணீரும் குவளையும் பங்குபோட்டுக்கொள்ளும். தண்ணீரின் பங்கைக் கழித்தால் குவளையின் பங்கு தெரிந்துவிடும்; அதிலிருந்து செம்பின் தன்வெப்ப எண் வந்துவிடும். அவ்வளவுதான் சமாச்சாரம்.

தொண்டாமுத்தூரில் எங்கள் வீட்டில் தினமும் குளிக்கத் தண்ணீர் விளாவுவது என் வேலை. சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதுதான் விளாவுவது. மாற்றிச் செய்ய யாருக்கும் தோன்றாது. என் கைக்கும் தோன்றவில்லை. குவளையைத் தூக்கிப் பீக்கரில் கவிழ்த்து, வெப்பமானியை விட்டு, சூட்டையும் அழகாகக் குறித்துக்கொண்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா காலிக் குவளையைப் பார்த்துவிட்டு, என்ன செய்தாய் என்று கேட்டார். உருப்போட்டு வைத்திருந்த இங்கிலீஷெல்லாம் ஆவியாகிவிட்டது.

"விளாவிப்போட்டேனுங்க மேடம்."

அவருக்கு விளங்கவில்லை. விளக்கினேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, குவளையைப் பற்றி இனி என்ன சொல்லப் போகிறாய் என்றார். திரும்பச் செய்ய நேரமில்லை. அழுகை வந்தது, அதற்கு முன்னால் கோபம் வந்தது. ஊற்றியது மாறினால் என்ன, கணக்கு மாறாதே என்று பட்டது.

"குவளையப் பத்திச் சொல்ல முடியாதுங்க. பீக்கரப் பத்திச் சொல்லலாமுங்க. சுடுதண்ணியோட சேர்ந்து அதுவுந்தானுங்க சூடா இருந்துச்சு. அதும் பங்குக்குச் சூட்டக் குடுத்திருக்குமுங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பீக்கரைத் தண்ணீரோடு எடைபோட்டேன். காலி செய்து, துடைத்து, வெறும் பீக்கரையும் எடைபோட்டேன். கணக்கு முடிந்தபோது, கண்ணாடிக்கு வரவேண்டிய தன்வெப்ப எண்ணுக்குப் பக்கத்தில் வந்து நின்றது விடை.

தாளை வாங்கிப் பார்த்தவர், அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டார். பி.எட். என்றேன்.

"கேட்டதுக்கு இது விடை இல்லம்மா. மார்க் கம்மியாத்தான் வரும்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். "ஆனா பாஸ். நீ டீச்சராகு."

அப்போதுதான் அழுதேன். நன்றாகவே அழுதேன்.