பார் வெளுத்த ஞாயிறு

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர். கல்யாணமாகி ஏழு வருஷம் என்னோடு எங்கள் ஊர் மண்ணரையில் லைன் வீட்டில் குடியிருந்தும், "அடுத்த வருசம் கடலுக்கே போயிருவேன்" என்பதை அவர் விடவில்லை. போயிருவோம் இல்லை, போயிருவேன். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னோடு பேசினால் "ம்", "சரி", அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணன் ஊரிலிருந்து போன் செய்துவிட்டால் மட்டும் வாய் ஓயாது. காற்று எப்படி, என்ன மீன் பட்டது என்று ஒரு மணி நேரம். நான் பக்கத்து ராயபுரம் மீன் கடை வரை போய் வாங்கிவந்த மீனை ஒரு வாய் வைத்துவிட்டு, ஐஸ் மீன் என்று ஒதுக்குவார். அந்தக் கடல் மட்டும் ஒரு பொம்பளையாக இருந்திருந்தால் நேரில் போய் நாலு கேள்வி கேட்டிருப்பேன். தண்ணீரைப் பார்த்து வயிறெரிந்தவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன கோடையில் ஒரு ஞாயிறு. போனை வைத்தவர் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பார் பூரா வெளுத்துப் போச்சாம்" என்றார்.

பார் என்றதும் எனக்குச் சாராயக்கடைதான் ஞாபகம் வந்தது. அவர்கள் பேச்சில் அது கடலடியில் இருக்கும் பவளப்பாறையாம். மீன் அண்டுவதும் குஞ்சு வளர்வதும் அங்கேதானாம். நான் பிளீச்சிங் பட்டறையில் வேலை செய்தவர் மகள். எங்களுக்குத் துணி பளிச்சென்று வெளுத்தால்தான் சந்தோஷம்.

"வெளுத்தா நல்லதுதானுங்களே? இனி எந்தக் கலரும் நல்லா ஏறுமுங்க" என்றேன். சத்தியமாகக் கேலி செய்யவில்லை.

"கடல் கொதிக்கு, ஏட்டி. அங்க வெளுத்தா சாவுன்னு அர்த்தம்."

வருஷா வருஷம் வெயில் ஏறி, கடல் தண்ணீரும் சூடேறிவிட்டதாம். மீன் ஆழத்துக்குப் போய்விட்டது. அண்ணனே இங்கே நெருப்பெரிச்சல் பக்கம் ஏதாவது பனியன் கம்பெனியில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். இனி அங்கே போய் என்ன செய்ய என்று இவரும் சொல்லிவிட்டார்.

ஏழு வருஷமாக நான் காத்துக் கிடந்த சொல். பாவி மனசு குளிர்ந்துதான் போனது. அடுப்படிக்கு ஓடி, சர்க்கரை தூக்கலாக ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன்.

அவர் துண்டில் முகம் புதைத்து அழுதுகொண்டிருந்தார். கரு கலைந்து நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அந்தக் கண் கலங்கியதில்லை. ஆள் எனக்கென்று ஆகிவிட்டார், அழுகை அவளுக்குப் போய்விட்டது.

அவருக்கென்று போட்ட காபியை நானே குடித்தேன்.