வெர்லீன் வீட்டு வாசலில் சிவப்புக் கொடி

வெர்லீன் கிரான்ட்ஸ் உயிரோடு இருப்பவர்களைவிட இறந்தவர்களிடம்தான் மரியாதையாக நடந்துகொள்வார். இன்னும் உயிரோடு இருக்கிறவன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். கணவர் ஹெர்ப் காலமான பிறகு முன்னோர்களைத் தேடித் தரும் எங்கள் வம்சாவளிச் சங்கத்தில் சேர்ந்தார். சேர்ந்த சூட்டோடு தலைவியும் ஆகிவிட்டார். பேருந்தில் பிள்ளைகளை அடக்கிய அதே குரலில் கூட்டம் நடத்துவார். நாங்களும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

சங்கத்தின் ஆராய்ச்சி நிலையம் நீதிமன்றத்துக்குப் பின்னால், பழைய சிறைச்சாலையில் இருக்கிறது. ஐயோவா மாநிலத்தில் எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, இதைவிட மலிவான கட்டடம் கிடைக்கவில்லை. கம்பி போட்ட அறைகளில் இப்போது பழைய பதிவேடுகளைக் காட்டும் மைக்ரோஃபிலிம் இயந்திரங்கள். கலிஃபோர்னியாவிலிருந்து பூட்டனாரைத் தேடி வருகிறவர்கள் கம்பிக்குள் உட்கார்ந்து தேடுவார்கள். பூட்டனாரும் ஒரு காலத்தில் அதே கம்பிக்குள் இருந்தவர்தான் என்று கண்டுபிடித்து, காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிப் போனவர்களும் உண்டு.

வெர்லீனின் பெருமையெல்லாம் கல்லறை படிப்பதில்தான். ஒவ்வொரு கோடையிலும் கவுண்டியின் கல்லறைத் தோட்டங்களில் வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லையும் உரக்க வாசிப்பார். நான் பின்னாலேயே போய் எழுதுவேன். எழுத்து தேய்ந்திருந்தால், குளியலறையிலிருந்து கழற்றிவந்த கண்ணாடியால் வெயிலைப் பிடித்துக் கல்லின்மேல் பக்கவாட்டில் அடிப்பார். ஒன்றுமே இல்லாத இடத்தில் பெயர் எழுந்து நிற்கும். இப்படிப் படித்ததையெல்லாம் புத்தகமாகப் போட்டு விற்கிறோம். அதில் வெர்லீன் படித்த கல் என்றால் அதற்குமேல் பேச்சில்லை.

அவர் கொண்டுவந்த விதி ஒன்றும் இருக்கிறது. எங்கே கல்லறைக் கல் கிடந்தாலும், இல்லை என்று தெரியும்வரை அங்கே ஆள் புதைந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். சுற்றிச் சிவப்புக் கொடி நட வேண்டும், கல்லை நகர்த்தக் கூடாது. டுவெய்ன் ஓம்ஸின் சோள வயல் ஓரத்தில் உடைந்த கல் ஒன்று அகப்பட்டபோது வெர்லீனே போய்க் கொடி நட்டார். அன்றிலிருந்து டுவெய்ன் அதைச் சுற்றிச் சுற்றித்தான் உழுகிறான். சின்ன வயதில் வெர்லீன் ஓட்டிய பேருந்தில் போனவன், அதனால் நேரில் முறைக்கமாட்டான். முதுகுக்குப் பின்னால் பேசுவது வேறு கதை.

போன அக்டோபரில் வெர்லீன் வீட்டுச் சமையலறை வாசல்படி ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. அது ஒரே கல்லாலான படி, அவரும் ஹெர்பும் அந்த வீட்டை வாங்கும் முன்பே இருந்தது. தூக்கி நேராக வைக்க டிராக்டர் வேண்டும், பக்கத்தில் டிராக்டர் இருப்பது டுவெய்னிடம்தான். முணுமுணுத்துக்கொண்டே வந்தான். கல்லைப் புரட்டினான். அடிப்பக்கம் வெள்ளைப் பளிங்கு. ஒரு ஆட்டுக்குட்டி செதுக்கியிருந்தது. கீழே ‘எஃபி டில்மன், வயது நான்கு’ என்று இருந்தது. டில்மன்கள்தான் அந்த வீட்டைக் கட்டியவர்கள்.

டுவெய்ன் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டானாம்: “கொடி உங்ககிட்ட இருக்கா தலைவியம்மா, இல்ல நான் போய் எடுத்துட்டு வரட்டுமா?”

வெர்லீனே நட்டார், தன் வீட்டு வாசலில், தன் கையால்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் சமையலறைக் கதவைத் திறக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீட்டு ஆட்கள் புழங்குவது சமையலறை வாசலில்தான்; முன்வாசல் என்பது பாதிரியாருக்கும் விற்பனைக்காரர்களுக்கும்தான். இவரோ இடுப்பு வலியோடு முன்வாசல் பாதையின் பனியை வாரிப் போட்டுக்கொண்டு அந்த வழியாகவே போய்வந்தார். சங்கக் கூட்டத்தில் யாரையும் அதட்டவில்லை. கணக்குப் பார்க்கும் டோரிஸ் ஒரு ரசீதைத் தொலைத்தபோதுகூட “பரவாயில்ல” என்றார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் நிலையத்தில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அட்டைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“அந்த வீட்டுக்கு வந்ததுலேர்ந்து அதைத்தான் மிதிச்சிருக்கேன், லாய்டு. ஹெர்ப் பூட்ஸ் சேத்தை அதுலதான் தட்டுவாரு. பசங்க அதுல உக்காந்துதான் தர்பூசணி விதையைத் துப்புவாங்க. எல்லாம் அந்தப் புள்ள தலைமேல.”

டில்மன் குடும்பத்துக்குக் கிழக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெரிய கருங்கல் இருக்கிறதே, பெற்றவர்கள் அங்கே இருக்கும்போது பிள்ளையைச் சமையலறை வாசலிலா புதைப்பார்கள் என்றேன். அந்தக் கல்லைத் தானே படித்ததாகவும், அதில் எஃபி இல்லை என்றும், புத்தகத்தில் பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டார். புத்தகத்தைச் சந்தேகப்படும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை. குளிர்காலம் முடியும்வரை நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரலில் பனி உருகியது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, மழைச் சேற்றில் முன்வாசலைச் சுற்றிக்கொண்டு அவர் நொண்டி வருவதைப் பார்த்ததும் எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“டில்மன் கல்லோட பின்பக்கம் படிச்சியா?” என்று கேட்டேன்.

“பின்பக்கம் ஜூனிபர் புதர் இருக்கு.”

“புதர் இருக்குன்னு எனக்கும் தெரியும். படிச்சியான்னு கேட்டேன்.”

வெர்லீன் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

டுவெய்னை ரம்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்கு வரச் சொன்னேன். உதவிக்கு வரவில்லை, தலைவியம்மாவின் முகத்தைப் பார்க்கத்தான் வந்தேன் என்றான். புதர் கல்லோடு ஒட்டி, ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. அவன் அறுக்க அறுக்க நான் கிளைகளை இழுத்துப் போட்டேன். பின்னால் கல் முழுக்கப் பாசி. வடக்குப் பக்கம், வெயிலே படாத இடம். எழுத்து இருப்பதாகவே தெரியவில்லை. வெர்லீன் கண்ணாடியை டுவெய்னிடம் கொடுத்து, வெயிலில் போய் நில், இன்னும் சாய், அவ்வளவு சாய்க்காதே என்று அதட்டினார். அந்த அதட்டலைக் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது.

வெளிச்சம் கல்லின்மேல் பக்கவாட்டில் நகர்ந்தது. வெர்லீன் வழக்கம்போல் உரக்க வாசித்தார்.

“எஃபி.”

நான் எழுதவில்லை. அவர் அதற்குள் மண்டியிட்டு, வெட்டிய தண்டுகளுக்கு நடுவே கையால் மண்ணைத் துழாவிக்கொண்டிருந்தார். சின்னக் கால்மாட்டுக் கல் ஒன்று தட்டுப்பட்டது. குழந்தையின் கால்மாட்டில் வைக்கிற அளவு, பெயரின் முதலெழுத்து மட்டும் பொறித்தது.

எங்கள் ஊரில் இது நடக்கிற காரியம்தான். கையில் காசு வந்ததும் குடும்பத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய கல் வைப்பார்கள்; பழைய சின்னக் கல்லை வீட்டுக்கு எடுத்துப் போவார்கள். எதையும் தூக்கிப்போட மனசு வராத ஜனங்கள், ஆகவே அது கவிழ்ந்து படியாகிவிடும். இதை நிலையத்துக்கு வருகிறவர்களுக்கு எத்தனையோ தடவை விளக்கிச் சொன்னவரே வெர்லீன்தான். தன் வாசலுக்கு வந்தபோது அது அவர் நினைவில் நிற்கவில்லை.

ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இங்கதான் இருக்கா,” என்றார். “அவங்க அம்மா பக்கத்துலயேதான் இருந்திருக்கா.”

அழுதார், சிரித்தார், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டார். டுவெய்ன் கண்ணாடியை இறக்காமலே நின்றான். பார்க்க வந்த முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தான்.

பிறகு கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்டான். “அப்போ என் வயல்ல இருக்கிற கொடி?”

“உன் கல்லுக்கும் அப்பா அம்மா இருப்பாங்க. திங்கக்கிழமை தேடுவோம்.”

“அவங்க கல்லுல எந்தப் பக்கம் பாக்கணும் தலைவியம்மா?”

“ரெண்டு பக்கமும்தான்டா.”

அன்று பிற்பகலே டுவெய்ன் ஆட்டுக்குட்டிக் கல்லை டிராக்டரில் ஏற்றிக்கொண்டு போய் எஃபியின் தலைமாட்டில் நட்டான். படி இருந்த இடத்தில் மரப்பலகை ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். வெர்லீன் கொடிகளைப் பிடுங்கினார். பலகைமேல் ஏறினார். பழக்கத்தில் சேற்றைத் தட்டக் காலைத் தூக்கியவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு தட்டினார். ஒரு குளிர்காலத்துச் சேறு அத்தனையும் உதிர்கிற மாதிரித் தட்டினார்.

குளிர்காலம் முழுவதும் திறக்காத கதவு இறுகிப்போயிருந்தது. தோளால் மோதித் திறந்து, காப்பி போடுகிறேன், இருவரும் உள்ளே வாருங்கள் என்றார். கடைசியாக வந்த நான் கதவைச் சாத்தப் போனேன்.

“சாத்தாத லாய்டு,” என்றார். “கொஞ்ச நேரம் தெறந்தே இருக்கட்டும்.”