போக வேண்டிய ஆள்

வளையல்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தவர் ஆய்வு நிலையத்தின் ஜீப் டிரைவர். பறவைகளைப் பிடித்து, காலில் எண் போட்ட வளையம் மாட்டி, இறக்கையை அளந்து, எடை பார்த்து, நல்லபடியாகத் திருப்பி அனுப்புவது அவள் வேலை. கடையில் வளையல் போடுகிறவர்கள் கையைப் பிடிக்கிறார்கள், அக்கா காலைப் பிடிக்கிறாங்க, வேற என்ன வித்தியாசம் என்பார் டிரைவர். முதலில் முறைத்தாள். பிறகு அவளே போனை எடுத்து "வளையல்காரி பேசறேன்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

நிரந்தர வேலை இல்லை. பறவைகள் கூடு வைக்கிற மாதங்களில் கூப்பிடுவார்கள், குஞ்சுகள் தலையெடுத்ததும் அனுப்பிவிடுவார்கள். மீதி மாதங்களில் கணவர் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் உட்கார்ந்து விண்ணப்பங்களை நிரப்புவாள். யாரோ ஒருத்தி வராமல் போனதால் ஒரே ஒரு சீசனுக்கு என்று போனவள் அவள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் "இதுதான் கடைசி" என்று சொல்லிவிட்டுத்தான் பையைத் தூக்குவாள். வீட்டில் இப்போது யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை.

தன் வேலையில் தான் கெட்டிக்காரி என்பது அவளுக்குத் தெரியும். அதை மூடிவைக்கிற பழக்கமும் கிடையாது. முட்டையைத் தண்ணீரில் விட்டு அது எவ்வளவு மிதக்கிறது என்று பார்த்தே, எப்போது பொரியும் என்று சொல்லிவிடுவாள். சைக்கிள் கடைக்கு மேலே இருந்த வாடகை அறைதான் அவர்களுடைய நிலையம். அங்கே கொடியில் துணிப்பைகள் காய்ந்துகொண்டிருக்கும். பிடித்த பறவையைப் போட்டு எடை பார்க்கிற பைகள். யாராவது கொடியை அவிழ்த்துத் தன் சட்டையைக் காயப்போட்டால் தீர்ந்தார்கள். "உன் சட்டை நாளைக்குக் காயும். என் பை இப்பக் காயணும்" என்று ஒரு பிடி பிடிப்பாள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் அந்த வருஷம் ஓர் உப்புக்கொத்தி தண்ணி காட்டியது.

உள்ளங்கையில் அடங்குகிற பறவை. ஆற்றுப் படுகையில், கூழாங்கற்களுக்கு நடுவே ஒரு குழி பறித்து முட்டையிடும். முட்டையும் கல் நிறம், பறவையும் கல் நிறம். போன வருஷம் இப்படிப் பிடித்த பல பறவைகளின் காலில் அவள் ஒரு கருவியை மாட்டி அனுப்பியிருந்தாள். சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. எப்போது விடிந்தது, எப்போது இருட்டியது என்பதை மட்டும் நாள் தவறாமல் குறித்துக்கொள்ளும். விடிகிற நேரமும் இருட்டுகிற நேரமும் ஊருக்கு ஊர் மாறும் என்பதால், அதை வைத்து, வருஷத்தில் பாதி நாள் இந்தப் பறவைகள் எங்கே போய்த் தொலைகின்றன என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் அது செல்போன் மாதிரி செய்தி அனுப்பாது. பறவையை மறுபடி பிடித்துக் கழற்றினால்தான் உண்டு.

மாட்டி அனுப்பியதில் ஒன்றே ஒன்றுதான் திரும்பி வந்திருந்தது. காலில் இருந்த மஞ்சளும் நீலமுமான வளையங்களைப் பார்த்ததும் அவள் பைனாகுலரை இறக்காமலே சிரித்தாள். ஏனென்றால் அது போன வருஷமே ஊரைக் கூட்டிய பறவை. எதையும் சந்தேகத்தோடு நின்று நிதானமாகப் பார்க்கும். இன்ஸ்பெக்டரம்மா என்று அவள் வைத்த பெயர் அதற்குச் சரியாகப் பொருந்தியது.

பிடிக்கிற முறை எளியது. கூட்டின் மேல் ஒரு கம்பிக் கூண்டை வைக்க வேண்டும். பறவை கதவு வழியே உள்ளே போய் உட்கார்ந்ததும், தூரத்துக் கூடாரத்தில் ஒளிந்திருப்பவர் கயிற்றை இழுக்க வேண்டும், கதவு விழும். கூடாரத்துக்குள் ஆள் போவதைப் பறவை பார்த்துக்கொண்டேயிருக்குமே? அதற்கும் ஒரு வித்தை உண்டு. இரண்டு பேராகப் போவார்கள், ஒருவர் மட்டும் வெளியே வந்து நடையைக் கட்டுவார். பறவைக்கு எண்ணத் தெரியாது. ஆபத்து போய்விட்டது என்று நம்பிக் கூட்டுக்கு வந்துவிடும்.

அவளும் டிரைவரும் உள்ளே போனார்கள். டிரைவர் வெளியே வந்து, கையை வீசிக்கொண்டு கரையேறிப் போனார். இன்ஸ்பெக்டரம்மா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு மேட்டில் நின்றுகொண்டு கூடாரத்தையே பார்த்தது. முட்டை ஆறிவிடும் என்பதால் கூண்டை அதிக நேரம் வைக்கக் கூடாது. நேரம் முடிந்ததும் அவளே எழுந்து வந்து கூண்டைத் தூக்க வேண்டியதாயிற்று. ஒரு கூட்டில் இரண்டு முயற்சிதான், அது சட்டம். ஒன்று போய்விட்டது.

சாயங்காலம் ஆய்வுத் தலைவி போன் செய்தாள். சின்ன வயசு, நல்ல மாதிரி.

"அக்கா, முட்டை எப்பப் பொரியும்?"

"ரெண்டு நாள். பொரிஞ்சா குஞ்சுங்களைக் கூட்டிட்டு நடந்துடும். அப்புறம் கூடும் கிடையாது, கூண்டும் கிடையாது."

"நமக்குக் குடுத்து வச்சது அவ்வளவுதான்னு விட்டுடலாமா?"

"விடறதா? மாட்டினது நான். கழட்டாம அதை எப்படிம்மா அனுப்புவேன்?"

போனை வைத்தபோது அவளுக்கு அழுகையே வந்தது. அறிவியல் ஒரு பக்கம் இருக்கட்டும். இத்தனூண்டு காலில் ஒரு சுமையை ஏற்றி எங்கெங்கோ அனுப்பிவிட்டு, திரும்பி வந்ததையும் இறக்காமல் விடுவது என்ன நியாயம்?

ஈரப் பைகளைக் கொடியில் மாட்டிக்கொண்டே யோசித்தாள். ஆற்றில் லாரி கழுவ வருகிறவர்கள் கூட்டுக்குப் பக்கத்திலேயே போகிறார்கள், பறவை அசைவதில்லை. டிரைவர் போனாலும் அப்படித்தான். அவள் கரைமேல் தலையைக் காட்டினால் மட்டும் எழுந்து ஓடுகிறது. முந்தைய நாட்களில் சட்டையை மாற்றிப் பார்த்திருந்தாள், டிரைவரின் தொப்பியைப் போட்டுப் பார்த்திருந்தாள், வேறு பாதையில் வந்தும் பார்த்திருந்தாள். பாச்சா பலிக்கவில்லை. கையில் இருந்த பை அப்படியே நின்றது. அதற்கு எண்ணத் தெரியாமல் இருக்கலாம், ஆள் தெரிகிறதே! அது பார்த்துக்கொண்டிருந்தது இவள் எப்போது போவாள் என்று. இவர்களோ தப்பான ஆளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

போக வேண்டிய ஆள் அவள். கயிற்றை வேறு யாராவது பிடிக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அந்தக் கயிற்றை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை. கொடுக்கலாம் என்று பார்த்தால் டிரைவர் அன்று சாயங்காலமே கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வீங்கிய கன்னத்தோடு லீவில் போய்விட்டார்.

மறுநாள் காலையில், சீசன் முடிகிறதென்று அவளை வீட்டுக்குக் கூட்டிப் போகக் கணவர் காரில் வந்து இறங்கினார். நல்ல மனிதர். வாய்தான் ஓயாது. காலை முதல் மாலை வரை "பிரேக், பிரேக், பிரேக்கும்மா" என்று கத்திப் பழகிய தொண்டை. பறவை என்றால் காக்காயைத் தவிர எதையும் அடையாளம் தெரியாது. வேறு வழியில்லை.

"ஏங்க, ஒரு உதவி பண்ணணும்."

"சொல்லு, என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது. பேசக் கூடாது, இருமக் கூடாது, அசையக் கூடாது. அது உள்ள போய் முட்டை மேல நல்லா உக்காந்த பிறகு கயித்தை இழுக்கணும். நிக்கும்போதே இழுத்தா கதவு மேல பட்டுடும். லேட்டானா ஓடிடும்."

"அவசரப்பட்டு கிளட்ச்சை விடக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்" என்றாள். சொல்லும்போதே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. ஓட்டத் தெரியாதவர்கள் பக்கத்தில் தினமும் உட்கார்ந்து, காலை பிரேக் மேல் வைத்துக்கொண்டு, சரியான நொடி வரும்வரை மிதிக்காமல் இருக்கிறவர் அல்லவா?

பொரிகிற நேரம் நெருங்கிவிட்டதால், இந்த முறை நிஜ முட்டைகளை எடுத்துப் பஞ்சு வைத்த டப்பாவில் வைத்துத் தன் சட்டைக்குள் சூட்டோடு வைத்துக்கொண்டாள். குழியில் அதே நிறத்தில் செய்த மர முட்டைகளை வைத்தாள். கூண்டைப் பொருத்தினாள். இரண்டு பேரும் கூடாரத்துக்குள் போனார்கள். கயிற்றை அவர் கையில் சுற்றிக் கொடுத்தாள், பிறகு பிரித்து, சரியாக இல்லை என்று மறுபடி சுற்றினாள்.

"போயேன்" என்றார் அவர், மெதுவாக.

போனாள். இன்ஸ்பெக்டரம்மா மேட்டில் நின்று அவளையே பார்த்தது. திரும்பிப் பார்த்தால் காரியம் கெட்டுவிடும். டப்பாவைக் கையால் அணைத்துக்கொண்டு நடந்தாள். இப்போது குழிக்கு ஓடி வந்திருக்குமா? கதவருகே நின்றிருக்குமா? இந்த மனுஷன் தும்மித் தொலைக்காமல் இருக்க வேண்டுமே! பிடரி அரித்தது, கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. கரையேறினாள், மறுபக்கம் இறங்கினாள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எந்தச் சத்தமும் இல்லை. அந்த வாய் இவ்வளவு நேரம் மூடியிருந்து அவள் பார்த்ததே இல்லை.

"வா! வா! ஓடி வா!"

லாரி கழுவுகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஓடினாள். டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, இந்த வயசில் இப்படி ஓட முடியும் என்று தெரியாமலே ஓடினாள். அவர் மண்டியிட்டு, கூண்டின் மேல் துணியைப் போர்த்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வியர்வை.

"சரியாப் பண்ணினேனா? அடிபட்டிருக்காதே?"

"அருமையாப் பண்ணியிருக்கீங்க" என்றாள். இதைச் சொல்ல அவளுக்குக் கொஞ்சம்கூடக் கஷ்டமாக இல்லாதது அவளுக்கே ஆச்சரியம்.

அதற்குப் பிறகு அவள் கை பேசியது. பறவையை எடுத்தாள், விரல்களுக்கிடையில் தலையை வாகாக வைத்துக்கொண்டாள், கருவி மாட்டியிருந்த வளையத்தைச் சின்னக் கத்தரியால் கத்தரித்தாள். கருவி உள்ளங்கையில் விழுந்தது. காலை ஊதிப் பார்த்தாள், புண் இல்லை. கூண்டையும் மர முட்டைகளையும் கணவர் எடுத்துக்கொள்ள, நிஜ முட்டைகளைக் குழியில் வைத்துவிட்டுக் கையைத் திறந்தாள். இன்ஸ்பெக்டரம்மா திட்டிக்கொண்டே பறந்து பழைய மேட்டில் போய் நின்றது.

பறவை முட்டைமேல் உட்காரும்வரை யாராவது ஒருவர் அங்கே நின்று பார்க்க வேண்டும். அதுவும் சட்டம். இரண்டு பேரும் கூடாரத்தருகே நின்றார்கள். பறவை அவளைப் பார்த்தது, அசையவில்லை.

"நீ கிளம்பு" என்றார் கணவர்.

"நான் பாக்கணும்."

"நீ இருக்கற வரைக்கும் அது வராது. கிளம்பு. நான் பாத்துட்டு வரேன்."

அது உண்மைதான். காரில் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் எத்தனையோ பறவைகள் அவள் கண்ணெதிரே கூட்டில் உட்கார்ந்திருக்கின்றன. தேடித் தேடிப் பிடித்த இது மட்டும் உட்கார்ந்து அவள் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை. அது உறுத்தியது. கருவி இருந்த கையை மூடி மூடித் திறந்து பார்த்தாள், சந்தோஷமாகவும் இருந்தது.

அவர் வந்து கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தார். சாவியைப் போடவில்லை.

"உக்காந்துடுச்சு. முதல்ல சுத்திச் சுத்தி ஓடிச்சு. அப்புறம் குழிகிட்ட நின்னு, மூக்கால ஒவ்வொரு முட்டையா உருட்டிச்சு. நெஞ்சு முடியைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, இப்படி ரெண்டு ஆட்டு ஆட்டி..." தோளை இரண்டு பக்கமும் அசைத்து சீட்டில் அமிழ்ந்து காட்டினார். "அப்படியே உக்காந்து கண்ணை மூடிச்சு. நான் நின்னுட்டுத்தான் இருக்கேன், என்னைக் கண்டுக்கவே இல்லை."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை.

"முட்டையை எப்படி உருட்டிச்சு?" என்றாள். "முதல்லேருந்து சொல்லுங்க. எதையும் விடாம சொல்லுங்க."